கூத்தைக் களரியிலிருந்து அரங்குக்கு அழைத்து வந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன்

ஈழத்து நாட்டுக்கூத்துப் பற்றிய வினா வந்தால் மாணவர் பலர் முதலில் எழுதும் பெயர் பேராசிரியர் சு. வித்தியானந்தன் என்பதாகும். அது சரியே. ஆனால் அதற்கு அடுத்த வரியிலேயே கூத்தை உருவாக்கியவர் அவர் என்றோ, அழிந்துபோன கூத்தைத் தோண்டி எடுத்தவர் அவர் என்றோ எழுதிவிடுகின்றனர். இவ்விரண்டும் பிழையாகும். 1950களில் மட்டக்களப்புக் கிராமங்களிலும், மன்னாரிலும், முல்லைத்தீவிலும், யாழ்ப்பாணத்தில் வட்டுக்கோட்டை போன்ற ஊர்களிலும் கூத்து விடிய விடிய ஆடப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. அதனை ஒரு கலை என்று ஏற்றுக்கொள்ளப் படித்தவர்கள்தான் ஆயத்தமாக இருக்கவில்லை. அவர்களுடைய பார்வையை மாற்றியதே வித்தியானந்தன் செய்த பெரும் பணி. அதை அவர் எவ்வாறு செய்தார், அதற்காகக் கூத்து எதனைக் கொடுக்க வேண்டியிருந்தது என்பதை விளங்கிக்கொண்டால் இப்பகுதி முழுவதும் மனதில் நின்றுவிடும்.

பிறப்பும் கல்வியும்

வித்தியானந்தன் 1924 ஆம் ஆண்டு மே மாதம் 8 ஆம் திகதி வலிகாமம் வடக்கில் தெல்லிப்பழையைச் சேர்ந்த வீமன்காமம் என்ற ஊரிற் பிறந்தார். இவ்வூருக்கு அண்மையிலேயே காங்கேசன்துறை உள்ளது. அதே 1924 இல் காங்கேசன்துறையிற் பிறந்த இன்னொருவரையும் மாணவர் அறிந்திருத்தல் நன்று. அவர் இசைநாடகத்தில் அரிச்சந்திரனாக நடித்துப் புகழ்பெற்ற நடிகமணி வி.வி. வைரமுத்து. இருவரும் பிறந்த ஆண்டு ஒன்று. மறைந்த ஆண்டும் 1989 என ஒன்றே. ஒருவர் மேடையில் நின்று மக்களைக் கவர்ந்தார். மற்றவர் மேடைக்குப் பின்னால் நின்று, அதில் ஏறியவர்களுக்கு மதிப்புத் தேடிக் கொடுத்தார். ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொள்ளச் சிரமப்படும் மாணவர்கள் இவ்விருவரையும் சேர்த்துப் படிக்கலாம்.

ஊரிலே தொடக்கக் கல்வியைப் பெற்ற வித்தியானந்தன் 1940களில் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றார். அப்போது அங்கே தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் சுவாமி விபுலாநந்தர். மட்டக்களப்பு மண்ணிற் பிறந்தவரும், யாழ்நூல் செய்தவரும், மதங்கசூளாமணி என்ற நாடக நூலை எழுதியவருமான அடிகளாரிடம் கற்றவர் பின்னாளில் நாடகத்தின்பால் ஈர்க்கப்பட்டமை வியப்பன்று. அடிகளார் 1947 இல் மறைந்தபின் அப்பதவிக்கு வந்த பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையும் வித்தியானந்தனின் ஆசிரியரே. தாம் கற்ற பல்கலைக்கழகத்திலேயே விரிவுரையாளராகச் சேர்ந்த வித்தியானந்தன், பத்துப்பாட்டை ஆராய்ந்து 1950 இல் இலண்டன் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். பழந்தமிழர் பண்பாடு பற்றிய 'தமிழர் சால்பு' என்ற நூல் 1954 இல் வெளிவந்தது.

இதுவரை சொன்னவற்றைப் பார்த்தால் இவர் சங்க இலக்கிய ஆராய்ச்சியாளராகவே வாழ்ந்து முடித்திருக்க வேண்டியவர். பத்துப்பாட்டை ஆராய்ந்தவர் மட்டக்களப்புக் களரிக்கு எப்படி வந்தார் என்பதை விளங்குவதற்கு முன், அந்தக் களரி எப்படி இருந்தது என்பதைப் பார்ப்போம்.

கூத்தும் ஊரும்

இன்று ஒரு நாடகம் பார்க்க வேண்டுமானால் நாம் ஒரு மண்டபத்துக்குச் செல்கிறோம். இரண்டு மணித்தியாலத்தில் வீடு திரும்பிவிடுகிறோம். கூத்து அப்படிப்பட்டதன்று. மட்டக்களப்பில் ஒரு கூத்து அரங்கேறுவதற்கு மாதக்கணக்கான ஆயத்தம் நடைபெறும். முதலில் ஊர்ப் பெரியவர்கள் கூடி எந்தக் கூத்தை ஆடுவது என்று தீர்மானிப்பார்கள். பின்னர் அண்ணாவியாரை அழைப்பார்கள். அண்ணாவியார் என்பவர் கூத்தின் ஆசிரியர். பாட்டு, ஆட்டம், தாளம், கதை ஆகிய எல்லாம் அறிந்தவர். மத்தளத்துடன் களரியின் நடுவே நின்று கூத்தைக் கொண்டு நடத்துபவரும் அவரே. ஆடப் போகிறவர்களுக்கு அவர் பாத்திரங்களைப் பிரித்து, அவரவர்க்குரிய பாடலும் வசனமும் எழுதிய ஏட்டைக் கொடுப்பார். இதற்குச் சட்டம் கொடுத்தல் என்று பெயர். அதன்பின் பகலில் வயலிலும் கடலிலும் வேலை செய்தவர்கள் இரவில் ஒன்றுகூடிப் பழகுவர். சதங்கை அணிதல், கிழமைக்கூத்து, அடுக்குப் பார்த்தல் எனப் படிப்படியாக முன்னேறி அரங்கேற்றத்துக்கு வருவர். அரங்கேற்றத்துக்குப் பின்னும் வீட்டுக்கு வீடு சென்று ஆடும் வழக்கம் உண்டு.

மாணவர்கள் இப்படிமுறைகளை வரிசையாக மனனம் செய்வதோடு நின்றுவிடக் கூடாது. ஒவ்வொரு படியிலும் ஊர் எவ்வாறு பங்கெடுக்கிறது என்று பாருங்கள். யாருக்கு அரச வேடம் என்பதிற் போட்டி இருக்கும். குடும்ப கௌரவம் கலந்திருக்கும். உடுப்புக்கும் ஒப்பனைக்கும் ஆடுபவரின் குடும்பம் செலவு செய்யும். பெண் வேடம் போடும் ஆணுக்கு வீட்டுப் பெண்கள் சேலையும் நகையும் கொடுப்பார்கள். களரிக்குப் பந்தற்கால் நடுவது முதல் வெளிச்சத்துக்கு விளக்கு ஏற்பாடு செய்வது வரை ஊராரே செய்வர். வட்டமான களரியைச் சுற்றிப் பாயும் தலையணையுமாக வந்து அமர்ந்த சனம் விடியும்வரை பார்க்கும். தன் மகன் ஆடும் இடம் வந்ததும் தாய் எழுந்து நிற்பாள். ஒருவர் பிழைவிட்டால் மறுநாள் வயலிலே அதுவே கதையாக இருக்கும். பார்ப்பவருக்கும் ஆடுபவருக்கும் இடையே இங்கு பெரிய வேறுபாடு இல்லை. இந்த வருடம் பார்த்தவன் அடுத்த வருடம் ஆடுவான்.

மட்டக்களப்பில் வடமோடி, தென்மோடி என இருவகைக் கூத்துகள் உள்ளன. வடமோடியிற் பெரும்பாலும் பாரத, இராமாயணப் போர்க்கதைகள் வரும், ஆட்டம் மிடுக்கானது, அரசர்கள் பாரமான கரப்புடுப்பு அணிவர். தென்மோடியிற் பாட்டும் தாள நுணுக்கமும் சிறந்து நிற்கும், காதற்கதைகள் அதிகம். மன்னாரிலும் யாழ்ப்பாணக் கரையோர ஊர்களிலும் கத்தோலிக்க மக்கள் புனிதர் வரலாறுகளையும் கிறிஸ்தவக் கதைகளையும் கூத்தாக ஆடினர். முல்லைத்தீவில் கோவலன் கூத்தும், மலையகத் தோட்டங்களில் காமன் கூத்தும் வழங்கின. ஆகவே கூத்து என்பது ஒரே அச்சில் வார்த்ததன்று. ஒவ்வொரு பிரதேசத்திலும் அந்தந்த மக்களின் தொழில், சமயம், சாதி அமைப்பு ஆகியவற்றோடு அது பிணைந்து வளர்ந்தது.

சாதி என்ற சொல்லை இங்கே வேண்டுமென்றே எழுதினேன். வழிகாட்டி நூல்கள் இதனைத் தவிர்த்துவிடுவது வழக்கம். ஆனால் இதைத் தவிர்த்தால் வித்தியானந்தனின் பணி விளங்காது. கூத்தாடியவர்களிற் பெரும்பாலானோர் கமக்காரரும், மீனவரும், ஒடுக்கப்பட்ட சமூகத்தினரும் ஆவர். ஆங்கிலம் படித்து உத்தியோகத்துக்குச் சென்றவர்களுக்குக் கூத்து என்றால் இளக்காரம். கூத்தாடி என்ற சொல்லே வசையாக வழங்கியது. படித்தவர்கள் நாடகம் ஆடவில்லை என்பதல்ல. பம்மல் சம்பந்த முதலியாரைக் குருவாகக் கொண்ட கலையரசு க. சொர்ணலிங்கம் போன்றோர் நகரங்களிலே சபைகள் அமைத்துத் திரை கட்டிய மேடையில் நல்ல நாடகங்களை நடித்தனர். ஆனால் அந்த மேடையும் கிராமத்துக் களரியும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை. ஒன்று நாடகம், மற்றது வெறும் கூத்து. இந்தப் பிரிவினைதான் அன்றைய நிலை.

பேராதனையில் ஏற்பட்ட மாற்றம்

பேராசிரியர் கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சுத்தமிழில் நாடகங்களை எழுதியவர். அறிஞர்கள் செந்தமிழே மேடைக்கு உரியது என்று கருதிய காலத்தில் அவர் ஊர்ப்பேச்சை அப்படியே மேடையேற்றியது துணிவான செயலாகும். அவருடைய நாடகங்கள் சிலவற்றைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றும் பொறுப்பு இளம் விரிவுரையாளரான வித்தியானந்தனிடம் வந்தது. நெறியாள்கைப் பயிற்சி அவருக்கு இவ்வாறே கிடைத்தது. 1952 இல் பல்கலைக்கழகத்தின் கலைப்பிரிவு பேராதனைக்கு இடம்பெயர்ந்தபின் அங்கே சிங்கள, தமிழ் விரிவுரையாளர்களும் மாணவர்களும் ஒரே வளாகத்தில் வாழ்ந்தனர்.

அவர்களுள் ஒருவர் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர. அவர் 1956 நவம்பரில் 'மனமே' என்ற நாடகத்தைக் கொழும்பிலே மேடையேற்றினார். சிங்களத்தில் 'நாடகம' எனப்படும் பழைய பாட்டுக்கூத்து வடிவத்தை எடுத்து, ஒரு கிராமத்துக் குருநாதரின் உதவியோடு, நவீன மேடைக்கு ஏற்றவாறு அவர் அமைத்தார். ஆங்கில நாடகங்களைத் தழுவி ஆடிக்கொண்டிருந்த சிங்களப் படித்த வர்க்கத்தினர் இதைக் கண்டு வியந்தனர். தமது நாடகம் இதுதான் என்று அதைக் கொண்டாடினர்.

இங்கே மாணவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்தச் சிங்கள 'நாடகம' வடிவமே தமிழ்க் கூத்திலிருந்து, கத்தோலிக்கர் வழியாகச் சிங்களக் கரையோரங்களுக்குச் சென்றதென ஆய்வாளர் கூறுவர். பெயரும் தமிழ்ப் பெயரே. தமிழரிடமிருந்து சென்ற வடிவம் ஒன்று சிங்களவரின் தேசிய அரங்காக உயர்ந்து நிற்கிறது. அதன் மூல வடிவத்தை வைத்திருக்கும் தமிழரோ அதை இளக்காரமாகப் பார்க்கின்றனர். இந்த முரண்பாடு வித்தியானந்தனைத் தொட்டது. 1956 தனிச்சிங்களச் சட்டம் வந்த ஆண்டு என்பதையும் மறத்தலாகாது. தமது மொழியும் பண்பாடும் எங்கே நிற்கின்றன என்ற கேள்வி தமிழர் நடுவே எழுந்திருந்த காலம் அது.

அண்ணாவிமாரைத் தேடிய பயணம்

1950களின் பிற்பகுதியில் வித்தியானந்தன் இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைவரானார். அப்பதவியை அவர் கதிரையில் இருந்து நடத்தவில்லை. மட்டக்களப்பு, மன்னார், முல்லைத்தீவு, யாழ்ப்பாணம் எனக் கிராமம் கிராமமாகச் சென்றார். இரவு முழுவதும் களரியருகே இருந்து கூத்துப் பார்த்தார். அண்ணாவிமாரைச் சந்தித்தார். அவர்களுக்கென மாநாடுகளைக் கூட்டினார். பொன்னாடை போர்த்திக் கௌரவித்தார். பாடசாலைகளில் நாட்டுக்கூத்துப் போட்டிகள் நடைபெறத் தூண்டுதலாக இருந்தார்.

இவை இன்று சாதாரணமாகத் தோன்றலாம். பொன்னாடை போர்த்துவது இக்காலத்தில் எல்லா விழாவிலும் நடக்கிறது. ஆனால் அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். கலாநிதிப் பட்டம் பெற்ற பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவர், பள்ளிக்கூடப் படிப்பு அதிகம் இல்லாத கமக்காரரான அண்ணாவியாரின் முற்றத்தில் வந்து இருந்து, அவரை ஆசானாக ஏற்றுப் பாடம் கேட்கிறார். ஊரில் உள்ள ஆசிரியரும் விதானையாரும் அதைப் பார்க்கின்றனர். அதுவரை கூத்தாடி என்று ஒதுக்கப்பட்டவர் அன்றிலிருந்து கலைஞர் ஆகிறார். கூத்துப் பழகப் போனால் அடிக்கும் தகப்பன், பாடசாலைப் போட்டிக்கு என்றதும் மகனை அனுப்பி வைக்கிறான். என்னைக் கேட்டால் வித்தியானந்தனின் தயாரிப்புகளை விடவும் இந்த மாற்றமே பெரிது என்பேன்.

கூத்து நூல்களை அச்சிடுவித்ததும் இக்காலத்திலேயே. கூத்துப் பனுவல்கள் அண்ணாவிமாரின் ஏடுகளிலும் கொப்பிகளிலும் மட்டும் இருந்தன. ஒரு வெள்ளம் வந்தால், ஒரு வீடு எரிந்தால் அழிந்துவிடும். மட்டக்களப்பின் 'அலங்காரரூபன் நாடகம்' 1962 இல் அச்சாயிற்று. அதனைத் தொடர்ந்து மன்னார்ப் பகுதிக் கத்தோலிக்கக் கூத்துகளான 'என்டிறீக்கு எம்பரதோர் நாடகம்' 1964 இலும், 'மூவிராசாக்கள் நாடகம்' 1966 இலும், 'ஞானசவுந்தரி நாடகம்' 1967 இலும் வெளிவந்தன. சைவ மரபில் வளர்ந்த ஒருவர் கத்தோலிக்கக் கூத்துகளை இத்தனை அக்கறையோடு பதிப்பித்தமை அவரது பரந்த நோக்கைக் காட்டுகின்றது.

கர்ணன் போர் முதல் வாலிவதை வரை

பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு வித்தியானந்தன் தயாரித்த கூத்துகள் நான்கு. அவை கர்ணன் போர் (1962), நொண்டி நாடகம் (1963), இராவணேசன் (1964), வாலிவதை (1968) என்பனவாகும். இவ்வரிசையை மாணவர்கள் மாற்றி எழுதாமற் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கர்ணன் போர் மட்டக்களப்பு வடமோடிக் கூத்தாகும். மாணவருக்கு ஆட்டம் பழக்கியவர் வந்தாறுமூலையைச் சேர்ந்த செல்லையா அண்ணாவியார். விடைத்தாளில் வித்தியானந்தனின் பெயரை எழுதும் மாணவர் இவர் பெயரையும் எழுதப் பழக வேண்டும். ஏனெனில் வித்தியானந்தன் தாமாக ஆட்டத்தைப் பழக்கவில்லை; அவர் தயாரிப்பாளர். எதை வைப்பது, எதை விடுவது, மேடையில் எவரை எங்கே நிறுத்துவது என்பவற்றை முடிவுசெய்தவர் அவர். தாளமும் ஆட்டமும் அண்ணாவியாருடையவை. பேராதனை மண்டபத்திலே பட்டதாரி மாணவர்கள் ஓர் அண்ணாவியாரின் தாளக்கட்டுக்குக் காலெடுத்து வைத்துப் பழகிய காட்சியே ஒரு பெரிய செய்திதான்.

வித்தியானந்தன் செய்த மாற்றங்கள் யாவை? விடிய விடிய ஆடும் கூத்தை ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலத்துக்குச் சுருக்கினார். ஒரே பாடலைத் திரும்பத் திரும்பப் பாடுவதைக் குறைத்தார். கதையை நகர்த்தாத பகுதிகளை நீக்கினார். வட்டக்களரியில் நாற்புறமும் திரும்பி ஆடிய ஆட்டத்தை, ஒரு பக்கத்தில் மட்டும் பார்வையாளர் இருக்கும் படச்சட்ட மேடைக்கு ஏற்ப அமைத்தார். அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் களரி நடுவிலிருந்து மேடையின் ஓரத்துக்கு வந்தனர். பாரமான உடுப்பு இலேசாக்கப்பட்டது. மின்னொளி பாத்திரங்களின் உணர்ச்சிக்கு ஏற்பப் பயன்பட்டது. ஆண்கள் ஏற்றுவந்த பெண் வேடங்களிற் பல்கலைக்கழக மாணவியர் ஆடினர். பல்கலைக்கழகம் சென்ற பெண் ஒருத்தி கூத்து மேடையில் ஏறுவது அக்காலத்திலே சிறிய விடயமன்று.

பாடல் எடுத்த எடுப்பிலேயே சபையோருக்கு விளங்க வேண்டும் என்பதிலும் அவர் கவனமாக இருந்தார். களரியிலே கதை எல்லோருக்கும் முன்பே தெரியும். சொல் விளங்காவிட்டாலும் குறையில்லை. கொழும்பு மண்டபத்துச் சபை அப்படிப்பட்டதன்று.

இந்நான்கிலும் பலராலும் சிறப்பாகப் பேசப்படுவது இராவணேசன். மற்றவை பழைய கூத்துகளின் வழி வந்தவை. இராவணேசனோ வடமோடி ஆட்டமுறையைக் கொண்டு புதிதாக எழுதப்பட்டது. எழுதியவர் அப்போது பல்கலைக்கழக மாணவராக இருந்த, மட்டக்களப்பைச் சேர்ந்த சி. மௌனகுரு. பழைய கூத்துகளில் அரசன் வருவான், தன் பெருமையைப் பாடுவான், ஆடுவான், போர் புரிவான். அவன் மனதுக்குள் என்ன நடக்கிறது என்று கூத்து அதிகம் கேட்பதில்லை. இராவணேசனில் இராவணன் தோல்வி வரும் என்று தெரிந்தும் போருக்குச் செல்லும் ஒரு மானியாக நிற்கிறான். மண்டோதரி தடுக்கிறாள். அவன் தனக்குள்ளேயே போராடுகிறான். பிறகு களத்துக்குப் போகிறான். வடமோடியின் மிடுக்கான ஆட்டம் இந்த மனப்போராட்டத்தைக் காட்டும் கருவியாகிறது. கிராமத்துக் கூத்து வடிவத்தால் ஒரு பெரிய துன்பியல் நாடகத்தையும் தாங்க முடியும் என்பதை அன்று சபையிலிருந்தவர்கள் கண்டனர். இக்கூத்தைப் பிற்காலத்தில் மௌனகுரு கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் தயாரித்தளித்தார். அப்பல்கலைக்கழகம் அமைந்துள்ள இடம் செல்லையா அண்ணாவியாரின் வந்தாறுமூலைதான்.

எழுந்த விமர்சனங்கள்

வித்தியானந்தனின் பணியை எல்லோரும் ஒரே விதமாக ஏற்கவில்லை. உயர்தரத்துக்குச் செல்லும் எண்ணமுள்ள மாணவர்கள் இப்பகுதியை விட்டுவிடக் கூடாது.

முதலாவது விமர்சனம் சுருக்கியதைப் பற்றியது. இரவு முழுவதும் ஆடுவது கூத்தின் குறையன்று, அதுவே அதன் இயல்பு என்பர் சிலர். இடையில் எழுந்து தேநீர் குடித்து, உறங்கும் பிள்ளையைத் தூக்கி மடியிற் போட்டு, அயலவரோடு கதைத்து, மீண்டும் பார்ப்பதற்கு ஏற்றவாறுதான் பாடல்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்றரை மணித்தியாலக் கூத்திலே கதை இருக்கிறது, ஊர் இல்லை. இரண்டாவது விமர்சனம் இன்னும் கூர்மையானது. கூத்தைச் செம்மைப்படுத்தல் என்று சொல்லும்போதே கிராமத்தில் ஆடப்படுவது செம்மையற்றது என்ற கருத்து வந்துவிடவில்லையா? பல்கலைக்கழகத்தார் வந்து திருத்தினாற்றான் அது கலையாகுமா? கூத்தை ஆடும் சமூகத்தாரே அதனைத் தமது ஊரிலே தமது தேவைக்கேற்ப மாற்றியமைக்க வேண்டும் என்ற கருத்து 2000களில் மட்டக்களப்பிலே வலுவாக முன்வைக்கப்பட்டு, அவ்வழியிற் கிராமங்களிலேயே பணிகளும் நடைபெற்றன.

இவ்விமர்சனங்களில் நியாயம் உண்டு. ஆயினும் 1962 இல் நின்று பார்த்தால் வித்தியானந்தனுக்கு முன்னே இருந்த வழிகள் பல அல்ல. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்த படித்தவரை விடிய விடியக் களரியில் உட்காரவைக்க அவரால் முடிந்திராது. கூத்தைக் கேலி செய்தவர்களை அவர்களுடைய மண்டபத்துக்கே சென்று சந்திக்க வேண்டியிருந்தது. அவ்வாறு செல்லும்போது வட்டக்களரியைக் கூடவே கொண்டுபோக முடியவில்லை. அதுவே கூத்துக் கொடுத்த விலை. அவர் மண்டபத்துக்குக் கொண்டுவந்தபின்னரும் கிராமங்களில் முழுஇரவுக் கூத்து நின்றுவிடவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிற்காலத்தில் அது குறைந்தமைக்குச் சினிமாவும், தொலைக்காட்சியும், எல்லாவற்றுக்கும் மேலாகப் போரும் இடம்பெயர்வும் பெரிய காரணங்களாயின. இரவிலே வெளியே நடமாட முடியாத ஊரில் எப்படி விடிய விடியக் கூத்தாடுவது?

மூன்றாவதாக ஒன்று சொல்லப்படுவதுண்டு. அவர் பழைய புராண இதிகாசக் கதைகளோடு நின்றுவிட்டார், சமகாலப் பிரச்சினைகளைத் தொடவில்லை என்பது அது. இது உண்மையே. ஆனால் அவர் திறந்த கதவால் வந்தவர்கள் அதைச் செய்தனர். வடமோடி ஆட்டத்தைப் பயன்படுத்தி உழைப்பாளர் எழுச்சியைக் காட்டிய மௌனகுருவின் 'சங்காரம்' 1969 இல் மேடையேறியது. 1968 இல் மாவிட்டபுரத்தில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தை ஒட்டி எழுந்த 'கந்தன் கருணை' நாடகமும் கூத்து முறையில் ஆடப்பட்டு மக்களிடம் சென்றது. எந்த மக்களின் கலை என்று கூத்து ஒதுக்கப்பட்டதோ அந்த மக்களின் உரிமைக்குரலாக அது ஒலித்தது.

யாழ்ப்பாணத்திற் பிற்காலம்

1974 சனவரியில் நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாடு யாழ்ப்பாணத்தில் நடைபெற்றது. மாநாட்டைக் கொழும்பில் நடத்த வேண்டும் என்ற நெருக்குதலின் நடுவே, அது தமிழர் வாழும் மண்ணிலேயே நடைபெற வேண்டும் என்று உறுதியாக நின்று தலைமை தாங்கியவர் வித்தியானந்தன். சனவரி 10 ஆம் திகதி இறுதிநாள் நிகழ்வு வீரசிங்கம் மண்டபத்துக்கு முன்னால் நடைபெற்றபோது பொலிசார் கூட்டத்தைக் கலைக்க முற்பட்டனர். மின்கம்பி அறுந்து வீழ்ந்து பொதுமக்கள் உயிரிழந்தனர். மாநாட்டின் வெற்றியையும் அதன் முடிவையும் ஒருசேரத் தாங்க வேண்டியவரானார் அவர்.

அதே ஆண்டு யாழ்ப்பாண வளாகம் தொடங்கப்பட்டது. பேராசிரியர் க. கைலாசபதிக்குப்பின் 1977 இல் அதன் தலைவராக வித்தியானந்தன் பொறுப்பேற்றார். 1979 இல் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமாகத் தனித்து இயங்கத் தொடங்கியபோது முதலாவது துணைவேந்தரும் அவரே. ஏறத்தாழப் பத்தாண்டுகள் அப்பதவியில் இருந்தார். 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. 1983 கலவரம், அதன்பின் போர், 1987 இல் இந்திய இராணுவத்தின் வருகை என ஒன்றன்பின் ஒன்றாக வந்த நெருக்கடிகளுக்கிடையே ஒரு பல்கலைக்கழகத்தைத் திறந்து வைத்திருப்பதே பெரும் பாடாக இருந்தது. அக்காலத்தில் அவர் கூத்துத் தயாரிக்கவில்லை; அதற்கு நேரம் கிடைத்திருக்காது. எனினும் அவர் துணைவேந்தராக இருந்த அப்பல்கலைக்கழகத்தின் கலாசாரக் குழுவே 1985 இல் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'மண் சுமந்த மேனியர்' நாடகத்தை, க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில், ஊர் ஊராகக் கொண்டு சென்றது. போருக்குள் வாழ்ந்த மக்கள் தமது கதையையே அம்மேடையிற் பார்த்தனர். நாடகம் பல்கலைக்கழகத்துக்கு உரிய ஒரு விடயம் என்பதில் அப்போது எவருக்கும் ஐயம் இருக்கவில்லை.

1988 இல் ஓய்வுபெற்ற பேராசிரியர் 1989 சனவரி 21 ஆம் திகதி காலமானார். நாடகமும் அரங்கியலும் என்ற பாடத்தை நீங்கள் இன்று க.பொ.த. சாதாரண தரத்தில் எடுக்கிறீர்கள். அதில் வடமோடி ஆட்டத்துக்கும் அண்ணாவியாரின் மத்தளத்துக்கும் புள்ளி உண்டு. உங்கள் ஊரிலே பழைய அண்ணாவியார் எவரேனும் இருந்தால், செயன்முறைப் பரீட்சைக்கு முன் ஒருநாள் அவரிடம் போய்ச் சட்டம் கொடுத்தல் எப்படி நடந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.